கன்றுத்தோலை விடாத டிரம்மர்: வில்லேஜ் வேன்கார்ட் மேடையில் மெல் லூயிஸ்

பழைய டிரம் செட்டை மேடைக்குக் கொண்டுபோகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ‘சத்தமே வேற மாதிரி இருக்கும்.’ வேறு மாதிரி என்றால் எப்படி, அது கூட வாசிக்கிறவர்களில் யாருக்கு உதவுகிறது, அதற்காக எதை இழக்க வேண்டியிருக்கிறது என்று மேலே கேட்டால் பேச்சு மழுப்பலாகிவிடும். எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விகளுக்கு உருப்படியான பதில் கிடைக்கிற இடம் நியூயார்க்கில் இருக்கிறது. கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை கிளப். 1966 முதல் 1990 வரை, திங்கட்கிழமை இரவுகள். டிரம்ஸில் மெல் லூயிஸ்.

இவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பழைய செட் பற்றிய பேச்சில் எப்போதும் ஒரு குழப்பம் இருக்கும். அறை மாறும், கூட வாசிப்பவர்கள் மாறுவார்கள், பாட்டு மாறும். கடைசியில் நல்லா இருந்ததற்குக் காரணம் செட்டா மற்றதா என்று சொல்ல முடியாது. இங்கே அறை மாறவில்லை, கிழமை மாறவில்லை, இசைக்குழுவின் அமைப்பும் பெரிதாக மாறவில்லை. வெளியே டிரம் உலகம் முழுவதும் பிளாஸ்டிக் தோலுக்கும் கனமான சிம்பலுக்கும் (ஸ்டாண்டில் மாட்டித் தட்டும் உலோகத் தட்டு) பெரிய சத்தத்துக்கும் போய்க்கொண்டிருந்த அந்த 24 ஆண்டுகளில், இந்த மனிதர் தன் இளமைக் காலப் பொருள்களையே பிடித்துக்கொண்டிருந்தார். அது வெறும் பழைய நினைப்பா, கணக்குப் பார்த்துச் செய்ததா என்பதுதான் கேள்வி. கணக்குத்தான் என்பது என் முடிவு.

இடம்

கிளப்பை நடத்தியவர் மேக்ஸ் கார்டன். செவன்த் அவென்யூ சவுத்தில் 178-ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்துக்கு 1935-ல் வந்தார். ஆரம்பத்தில் கவிதை, நகைச்சுவை, நாட்டுப்பாடல் எல்லாம் நடந்தது. 1950களின் பிற்பாதியில்தான் முழுமையாக ஜாஸ் கிளப் ஆனது. தெருவிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். உள்ளே கிட்டத்தட்ட முக்கோண வடிவத்தில் ஓர் அறை, தாழ்ந்த கூரை, குறுகிய முனையில் சின்ன மேடை. 123 பேருக்கு இடம். அவ்வளவுதான்.

சோனி ராலின்ஸ் 1957-லும், பில் எவன்ஸும் ஜான் கோல்ட்ரேனும் 1961-லும் இங்கே செய்த ஒலிப்பதிவுகள் ஜாஸ் கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். கவனித்தால், பெரும்பாலும் மூன்று, நான்கு, ஐந்து பேர் வாசித்தவை. அந்த அறையின் இயல்பும் அதற்கு ஏற்றதுதான். ஸ்நேரின் (அடியில் கம்பிச் சுருள் கட்டிய டிரம்) மேல் கம்பி பிரஷ் உரசுவது கடைசி மேசை வரைக்கும் கேட்கும்.

அப்படிப்பட்ட அறைக்குள் 1966 பிப்ரவரி 7, திங்கட்கிழமை இரவு, டிரம்பெட் வாத்தியக்காரரும் இசையமைப்பாளருமான தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் ஒரு முழு பிக் பேண்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐந்து சாக்ஸபோன், டிராம்போன் வரிசை, டிரம்பெட் வரிசை, பியானோ, பாஸ், டிரம்ஸ். எப்படிக் கூட்டினாலும் 16 பேருக்குக் குறையாது. பகலில் ஸ்டூடியோக்களிலும் தொலைக்காட்சி நிலையங்களிலும் சம்பளத்துக்கு வாசித்தவர்கள் இவர்கள். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை இரவு, இவர்களுக்கும் கை ஓய்ந்த நாள். இரண்டும் பொருந்திப்போனது. முதல் இரவையே ஜார்ஜ் கிளாபின் என்ற இளைஞர் ஒலிப்பதிவு செய்தார். அது முறையாக வெளியானது 50 ஆண்டு கழித்து, 2016-ல். ஆக, இந்த ஆய்வுக்கு முதல் நாள் சான்றே நம் காதுக்குக் கிடைக்கிறது.

டிரம்மருக்கு இங்கே வரும் சிக்கல் எளிதில் புரியும். கைக்கெட்டும் தூரத்தில் பித்தளை வாத்தியங்கள் முழு மூச்சில் ஊதும்போது அடியில் கேட்கவும் வேண்டும், ஊன்றிப் பிடிக்கவும் வேண்டும். ஆனால் சத்தத்தை ஏற்றினால் அந்தத் தாழ்ந்த கூரையின் கீழ் பியானோவும் பாஸும் மறைந்துபோகும். பாஸ் வாசித்த ரிச்சர்ட் டேவிஸ் எத்தனை நுட்பமாக வாசித்தாலும், டிரம்மர் இடம் விட்டால்தான் அது மேசைக்கு வந்து சேரும்.

ஆள்

மெல் லூயிஸின் இயற்பெயர் மெல்வின் சோகொலாஃப். 1929 மே 10-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். அப்பாவும் டிரம்மர். பதின்ம வயதிலேயே சம்பளத்துக்கு வாசிக்கத் தொடங்கி, 1954-ல் ஸ்டான் கென்டன் குழுவில் சேர்ந்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் டெர்ரி கிப்ஸின் பெரிய குழு. கிப்ஸ்தான் அவருக்கு ‘தையல்காரர்’ என்ற பட்டப்பெயரை வைத்தவர். கிப்ஸுக்குத் தெரிந்த ஒரு தையல்காரரின் நடை இவருக்கு இருந்ததாம்; காரணம் அவ்வளவு சாதாரணம். ஆனால் பிரிந்து கிடக்கும் வாத்தியங்களை இழைத்துத் தைக்கிற அவர் வாசிப்புக்கு அந்தப் பெயர் பிறகு நன்றாகவே ஒட்டிக்கொண்டது. 1963-ல் நியூயார்க் திரும்பினார்.

வயதைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தபோது அவருக்கு 28 வயது, தொழிலில் பத்தாண்டுக்கு மேல் அனுபவம். கன்றுத்தோலை வேறு வழியில்லாமல் பல ஆண்டு வாசித்த தலைமுறை அது. புதியது வந்ததும் அந்தத் தலைமுறையில் ஏறக்குறைய எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சோடு மாறினார்கள். இவர் இரண்டையும் தெரிந்துகொண்டுதான் பழையதில் நின்றார். இன்றைக்கு ‘வின்டேஜ்’ என்று தேடி வாங்குகிற நம்மைப் போன்றவர்களின் நிலை வேறு. நமக்குப் பழையதுதான் புதுமை.

தோல்

1950களின் நடு வரைக்கும் டிரம் என்றாலே விலங்குத் தோல்தான், அதிலும் மேற்கத்திய டிரம் செட்டுக்குக் கன்றுத்தோல். நனைத்து, ஒரு மர வளையத்தின் மேல் சுற்றி மடித்து, காய விட்டு ஏற்றுவார்கள். டூபாண்ட் நிறுவனத்தின் மைலார் என்ற பாலியஸ்டர் படலத்தை டிரம்முக்குக் கொண்டுவரும் முயற்சிகள் 1956, 1957-ல் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நடந்தன. சிக் எவன்ஸ் ஒரு பக்கம். ரெமோ பெல்லி இன்னொரு பக்கம். ரெமோ 1957-ல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி விற்ற தோலுக்கு ‘வெதர் கிங்’ என்று பெயர் வைத்தார். வானிலைக்கு ராஜா. அதுவரை டிரம்மர்கள் பட்ட கஷ்டம் முழுவதும் அந்த விளம்பரப் பெயரில் இருக்கிறது.

தோல் ஈரத்தைக் குடிக்கும். மழை நாளில் தளர்ந்து சுதி இறங்கும். சூடான, வறண்ட அறையில் முறுக்கிக்கொண்டு ஏறும். பறையைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க டிரம்மர்கள் பேஸ் டிரம்முக்குள், அதாவது காலால் வாசிக்கும் பெரிய டிரம்முக்குள், மின்விளக்கைப் பொருத்தி எரியவிட்டார்கள். முன்பக்கத் தோலில் வரைந்த படம் ஒளிர்வது கூட்டத்துக்கு அழகு. உள்ளே கிடைக்கும் சூடு டிரம்மருக்குத் தேவை.

இவ்வளவு தொல்லை கொடுப்பதை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? இயற்பியல் பக்கம் போனால் பதில் சுருக்கமானது. விலங்குத் தோலில் நார்கள் ஒரே சீராக இருப்பதில்லை. அதிர்வை உள்ளேயே ஓரளவு விழுங்கிவிடும். அதனால் மேல்வரிசை அதிர்வுகள், ‘டிங்’ என்று நீளும் பகுதி, சீக்கிரம் அடங்கும். அடி விழுந்ததும் கேட்கும் ஓசை உருண்டையாக, முனை மழுங்கி இருக்கும். மைலார் மெல்லியது, ஒரே சீரானது, தட்டினால் பளிச்சென்று கேட்கும், அப்புறமும் ஒலித்துக்கொண்டே இருக்கும். சத்தமும் கூடுதல்.

ராக் மேடைக்கு மைலார் வரம். வேன்கார்டில், பித்தளைக்கு நடுவில், கதை வேறு. டிரம்பெட்டும் ஸ்நேரின் பளிச்சிடும் மேல்பகுதியும் காதில் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. அந்த இடத்தைத் தோல் தானாகவே காலி செய்து கொடுக்கிறது. டிரம்மர் அடக்கி வாசிக்கத் தேவையில்லை. இயல்பான கைவீச்சில் வாசித்தாலே சத்தம் அடங்கி வரும். இதுதான் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். பளிச்சென்ற செட்டில் அமர்ந்துகொண்டு மெதுவாக வாசிப்பது கையை இறுக்கும். கை இறுகினால் ஸ்விங், அதாவது ஜாஸ் தாளத்தின் துள்ளல், போய்விடும். அடங்கிய ஒலியுள்ள செட்டில் தளர்வான கையோடு முழு வேகத்தில் வாசிக்கலாம்.

பிரஷ் விஷயம் இன்னொன்று. கன்றுத்தோலில் இயற்கையாகவே ஒரு சொரசொரப்பு உண்டு. கம்பிகள் அதில் உரசும்போது எழும் ‘ஷ்’ என்ற ஓசையில் ஒரு கனம் இருக்கும். வழவழப்பான மைலாரில் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் மேலே வெள்ளைப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் தோல் வந்தது. பூச்சு தேய்ந்ததும் பிரஷ்ஷுக்கு அந்தத் தோல் முடிந்தது.

மரம்

மெல் லூயிஸின் அந்தக் காலத்துப் பெயர் டிரம் செய்யும் கிரெட்ச் நிறுவனத்தோடு சேர்ந்தே பேசப்படும். நியூயார்க் ஜாஸ்காரர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான்: மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, ஃபில்லி ஜோ ஜோன்ஸ், எல்வின் ஜோன்ஸ், பிறகு டோனி வில்லியம்ஸ். புரூக்ளினில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலேயே தொழிற்சாலை இருந்தது பெரிய காரணம். வட்டமான பித்தளைப் பட்டை பதித்த அந்தக் காலத்து கிரெட்ச்களுக்குத்தான் இன்றைய பழைய டிரம் சந்தையில் அடிதடி. 1967-ல் பால்ட்வின் நிறுவனம் கிரெட்ச்சை வாங்கியது. சில ஆண்டுகளில் உற்பத்தி அர்கன்சாஸ் மாநிலத்துக்குப் போனது.

1960களின் கிரெட்ச் ஷெல்லில் (டிரம்மின் மர உடல்) ஆறு அடுக்கு மரம், மேப்பிளும் கம் மரமும். உள்பக்கம் வெள்ளி நிறப் பூச்சு. தோல் உட்காரும் விளிம்பு 30 டிகிரி சாய்வில் வெட்டப்பட்டிருக்கும். மேலே இறுக்கும் வளையம் வார்ப்பு உலோகம். தகட்டை வளைத்துச் செய்த மற்றவர்களின் வளையத்தைவிடக் கனமானது, வளைந்துகொடுக்காதது. இவற்றில் எது ‘அந்த கிரெட்ச் ஓசை’க்குக் காரணம் என்று இணையத்தில் சண்டை போடுபவர்கள் போடட்டும். விளிம்பும் வளையமும்தான் காதுக்கு எட்டும் வித்தியாசத்தில் பெரும்பங்கு என்பது என் எண்ணம்; வெள்ளிப் பூச்சுக்கு மக்கள் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம். கனமான வளையம் தோலைச் சமமாக இறுக்கிப் பிடித்து ஓசையைக் குவிக்கிறது. அந்தக் குவிப்போடு கன்றுத்தோலின் மழுங்கல் சேரும்போது, குறுகிய, தெளிவான, சுதி சொல்லக்கூடிய ஓர் ஓசை கிடைக்கிறது. பெரிய குழுவுக்கு அடியில் அது சேறாகாமல் நிற்கும்.

சிம்பல்

உண்மையில் இந்த ஆய்வின் கனமான பகுதி இதுதான். டிரம்மை விட்டாலும் விடுவேன், சிம்பலை விடமாட்டேன் என்று ஜாஸ் டிரம்மர்கள் சொல்வது வீம்பு இல்லை. ஜாஸில் காலம் ஓடுவது சிம்பலில்தான்.

மெல் லூயிஸ் வாசித்தவை துருக்கியில், இஸ்தான்புல்லில் கையால் அடித்துச் செய்த பழைய கே ஜில்ஜியன்கள். இவற்றை அமெரிக்காவில் விற்றது கிரெட்ச் நிறுவனம். அதனால் அந்த டிரம்மர்களுக்கு வந்திறங்கிய சிம்பல்களைத் தட்டித் தட்டித் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு சிம்பல் ஒரே மாதிரி இருக்காது. பத்தில் பல மோசமாகவும் இருக்கும். பழையது எல்லாமே பொன் என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நம் கைக்கு வருபவை, நல்ல காதுள்ள யாரோ ஒருவர் அன்றைக்கே பொறுக்கியெடுத்தவை.

அவர் அமைப்பில் ‘ரைடு’, ‘கிராஷ்’ என்ற பாகுபாடே கிட்டத்தட்ட கிடையாது. எல்லாச் சிம்பலும் தாளம் ஓட்டவும் ஆகும், மோதவும் ஆகும். ஒரு தனி வாசிப்பாளர் எழுந்து நின்றால் அவருக்குக் கீழே ஒரு சிம்பல்; அடுத்தவர் எழுந்தால் வேறொன்று. பின்னணி நிறத்தை மாற்றுகிற வேலை அது. குழு மொத்தமும் சத்தமாக ஊதும் இடத்தில், விளிம்பு மேல்நோக்கி வளைந்த, ஆணிகள் பொருத்திய சீன பாணிச் சிம்பலுக்குப் போவார். முதல் தடவை கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். தகரத்தைத் தட்டுவதுபோல என்றுகூடச் சிலர் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் அப்படித்தான். ஆனால் அந்த ஓசைக்குத் தீர்மானமான சுதி இல்லை, பரந்து விரியும், சட்டென்று அடங்கும். டிரம்பெட்டுகளின் சுதியோடு மோதாமல் அவற்றுக்குப் பின்னால் ஒரு திரையாகப் படர்ந்துகொள்ளும். பளபளப்பான, நீண்ட நேரம் ஒலிக்கும் கனமான சிம்பலை அதே இடத்தில் தட்டிப் பாருங்கள். ஊதுபவர்கள் திரும்பி முறைப்பார்கள்.

1970களின் இறுதியில் இஸ்தான்புல் கே பட்டறையின் உற்பத்தி அங்கே நின்றுபோனது. அங்கே வேலை செய்த மெஹ்மெட், அகோப் என்ற இரு கைவினைஞர்கள் 1980களின் தொடக்கத்தில் இஸ்தான்புல் என்ற பெயரிலேயே புதிதாகச் செய்யத் தொடங்கினார்கள். மெல் லூயிஸ் அவற்றையும் வாசித்தார். அவர் பெயர் தாங்கிய சிம்பல்கள் இன்றும் அந்த வழியில் வந்த நிறுவனத்தில் கிடைக்கின்றன. இதை நான் முக்கியமாக எண்ணுவது ஏனென்றால், பழைய பொருளை அல்ல, அந்தப் பண்பைத்தான் அவர் தேடினார் என்பதற்கு இது சாட்சி. புதிதாகச் செய்து வந்தாலும் அடர்த்தியும் அடக்கமும் இருந்தால் அவருக்குச் சரி.

கால்

பேஸ் டிரம்மை அவர் பயன்படுத்திய விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. நான்கு மாத்திரையும் காலால் மிக மிக மெதுவாகத் தொட்டுக்கொண்டே இருப்பது. காதுக்குக் கேட்கக்கூடாது, எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும். ‘ஃபெதரிங்’ என்பார்கள். பாஸ் கம்பியின் ஓசைக்கு அடியில் ஒரு மெத்தை போடுவது. பெடலின் அடிக்கும் முனையான பீட்டர் தொட்டதும் ‘டக்’ என்று முன்வந்து நிற்கிற இறுக்கமான பிளாஸ்டிக் தோலில் இது கடினம். துணி திணித்து அமுக்கிய இன்றைய பேஸ் டிரம்மில் ஏறக்குறைய முடியாது, கிடைப்பது அடியின் முனை மட்டும்தான். திணிப்பு இல்லாத, இரண்டு பக்கமும் முழுத் தோல் கட்டிய பேஸ் டிரம்மில் அது மூச்சுப்போல வரும்.

இப்படிக் கூட்டிப் பார்த்தால், அவரைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் ‘பெரிய குழுவைச் சின்னக் குழுபோல வாசித்தார்’ என்ற வாக்கியத்துக்கு அர்த்தம் கிடைக்கிறது. அது மனப்பாங்கு மட்டுமில்லை. அந்தப் பொருள்கள் இல்லாமல் அந்த அறையில் அந்த மனப்பாங்கை 16 பேருக்கு நடுவில் செயல்படுத்துவது ரொம்பக் கஷ்டம்.

எதிர்ப்பக்கம்: பட்டி ரிச்

அதே 1966-ல் இன்னொரு டிரம்மரும் சொந்த பிக் பேண்ட் தொடங்கினார். பட்டி ரிச். அவர் குழுவில் டிரம்ஸ்தான் நாயகன், அரங்குகள் பெரியவை, வேகமும் வெளிச்சமும் வேண்டும். இவரும் கடைசிக் காலத்தில் பழைய செட்டுக்குத்தான் திரும்பினார். 1980களில், 1940களைச் சேர்ந்த வெள்ளை முத்துப் பூச்சு ஸ்லிங்கர்லேண்ட் ரேடியோ கிங் செட் ஒன்றை மாசசூசெட்ஸில் ஈம்ஸ் டிரம்ஸ் நடத்திய ஜோ மெக்ஸ்வீனி அவருக்காகப் புதுப்பித்துக் கொடுத்தார். 1987 ஏப்ரலில் இறக்கும் வரை அதை வாசித்தார்.

ரேடியோ கிங் 1930களின் நடுவில், டிரம்மர் ஜீன் க்ரூபாவின் புகழோடு சேர்ந்து வளர்ந்த வரிசை. அதன் ஸ்நேர் ஒரே பலகை மேப்பிளை ஆவியில் வளைத்துச் செய்தது, இன்னும் பேசப்படுகிறது. ஆனால் ரிச் அதில் கன்றுத்தோல் கட்டவில்லை. பழைய மரம், சீர்செய்த ஷெல், மேலே நவீன பிளாஸ்டிக். அவருக்கு வேண்டியது அந்த மரத்தின் திறந்த குரலும், தன் இளமையில் வாசித்த செட்டின் உணர்வும். வானிலையோடு சண்டை போட அவருக்கு நேரமில்லை. தினம் ஓர் ஊர், தினம் ஒரு கச்சேரி.

ஆக, ‘பழைய செட் வாசிக்கிறேன்’ என்பதை ஒரே முடிவாக எண்ணக்கூடாது. மரம், விளிம்பு, தோல், சிம்பல், ஸ்டாண்ட் என்று ஒவ்வொன்றிலும் எதைப் பழையதாக விடுவது, எதை மாற்றுவது என்று தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மெல் லூயிஸ் வாரத்தில் ஓர் இரவு ஒரே அறைக்குத் திரும்பி வந்தார். தோல் அவருக்குக் கட்டுப்படியானதில் அதற்கும் பங்கு உண்டு.

இன்றைக்கு எடுத்துக்கொண்டு போனால்

1960களின் கிரெட்ச், லுட்விக் செட்களை இன்றும் பலர் கிளப்புகளில் வாசிக்கிறார்கள். அடுக்ககத்தில் குடியிருந்துகொண்டு டாக்சியில் ஏற்றிப்போக 18 அங்குல பேஸ் டிரம் உள்ள சின்ன செட் வசதி என்பதால், அவற்றுக்குத்தான் விலையும் அதிகம். மெல் லூயிஸின் கதையை வைத்துக்கொண்டு பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

முதலில் தோல். கன்றுத்தோல் இன்றும் செய்து விற்கிறார்கள், விலை கடிப்பது மட்டுமில்லை, குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக் காற்றுக்கு வெளியே எடுத்தால் இரண்டாம் பாட்டிலேயே சுதி ஓடிவிடும். எல்லா டிரம்மிலும் கட்ட வேண்டியதில்லை. ஸ்நேரின் மேலேயும் பேஸ் டிரம்மிலும் மட்டும் கட்டினாலே முக்கால்வாசிப் பலன் கிடைக்கும். அதுவும் முடியாது என்றால் ரெமோவின் ஃபைபர்ஸ்கின், எவன்ஸின் காஃப்டோன் போன்ற, தோலின் மழுங்கலைப் போலச் செய்யும் பிளாஸ்டிக்குகள் இருக்கின்றன. அசல் இல்லை, ஆனால் மழைக்காலத்தில் அசலைவிட நிம்மதி.

இரண்டாவது, விளிம்பு. பழைய விளிம்பு நவீன விளிம்பைப்போலக் கூராக இருக்காது, சில நிறுவனங்களில் நன்றாகவே உருண்டிருக்கும். அதைக் கடைக்குக் கொண்டுபோய் 45 டிகிரியில் கூர்மையாக வெட்டச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ட்யூன் செய்வது எளிதாகும், உண்மைதான். ஆனால் தோல் மரத்தில் படிகிற இடம் குறைந்து, எந்த மழுங்கலுக்காகப் பழைய செட்டை வாங்கினோமோ அதுவே போய்விடும். மேடு பள்ளம் இருந்தால் மட்டமான கல்லின் மேல் மணல்தாளை விரித்துச் சமன்படுத்தினால் போதும். வெட்டிய மரம் திரும்பி வராது.

ஷெல் அளவும் பார்க்க வேண்டும். தோலை மர வளையத்தில் கட்டிய காலத்துச் சில ஷெல்கள், அதிலும் முத்துப் பூச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பில், இன்றைய பிளாஸ்டிக் தோலின் உலோக வளையத்துக்குள் இறுக்கமாகத்தான் நுழையும். தோல் சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்கு இடைவெளி இல்லாவிட்டால் எவ்வளவு ட்யூன் செய்தாலும் சுதி நிற்காது, ஷெல்தான் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும். பிரிட்டனின் பிரீமியர் செட்களில் இது இன்னும் மோசம்: 1960களின் பிற்பகுதி வரை அவர்கள் செய்த டிரம்களின் அளவே இன்றைய பொது அளவிலிருந்து கொஞ்சம் வேறுபடும், கடையில் கிடைக்கும் தோல் அதில் ஏறாது. அதற்கென்றே தனியாகச் செய்த தோலைத் தேடி வாங்க வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று பாய்வதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போவது நல்லது.

ஸ்டாண்டுகளைப் பொறுத்தவரை மனச்சாட்சியே இல்லாமல் புதியதை வாங்கிக்கொள்ளலாம். பழைய தட்டைக்கால் ஸ்டாண்டுகள் தூக்க லேசானவை, படத்துக்கு அழகு. ஆனால் தேய்ந்த பற்கள் நடுப்பாட்டில் நழுவும், பேஸ் டிரம்மின் ஊன்றுகால்கள் வழவழப்பான தரையில் முன்னால் ஊர்ந்து போகும். அதே லேசான வடிவத்தில் இப்போது பல நிறுவனங்கள் புதிதாகச் செய்கின்றன. கீழே ஒரு கம்பளம், பையில் உதிரி இறக்கைத் திருகுகள், இரண்டு ட்யூனிங் சாவி. கிளப்புக்கு அரை மணி முன்னால் போய், செட்டை விரித்து, அறையின் காற்றுக்கு அதைப் பழக விட்ட பிறகு சாவியைத் தொடுவது. தோல் கட்டியிருந்தால் இந்தக் கடைசி விஷயத்தைத் தவிர்க்கவே முடியாது. ஆட்கள் வந்து அறை சூடாகும்போது இன்னொரு முறை திருக வேண்டியிருக்கும்.

மெல் லூயிஸ் 1990 பிப்ரவரி 2-ல் புற்றுநோயால் இறந்தார், முதல் திங்கட்கிழமையின் 24-ஆம் ஆண்டு நிறைவுக்கு ஐந்து நாள் முன்னால். தாட் ஜோன்ஸ் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே டென்மார்க் போய்விட்டிருந்தார். குழு கலையவில்லை. வேன்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் அதே அறையில் திங்கட்கிழமை வாசிப்பைத் தொடர்ந்தது.